எத்தனை ராத்திரி, யார் வீட்டில்? வரிப் படிவம் தயாரிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கட்டணம் வாங்கி வரிப் படிவம் தயாரித்துக் கொடுக்கும் தமிழ் நண்பர்களுக்கும், சென்னையிலும் கோவையிலும் இருந்தபடி அவர்களுக்காக அந்தப் படிவங்களை நிரப்பும் பேக் ஆபீஸ் தோழர்களுக்கும்,

வணக்கம்.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை உங்களுக்குத் தூக்கம் கிடையாது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளை குட்டி உள்ளவர்களின் ரிட்டர்னோடு போகும் 8867 படிவத்தை, அதாவது வரிக் கிரெடிட்டுக்கான தகுதியைத் தயாரிப்பாளர் விசாரித்தாரா என்று உறுதி கூறும் பட்டியலை, நம்மில் பலர் மென்பொருளின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். ‘வாடிக்கையாளரை நேர்கண்டீர்களா?’ ஆம். ‘சந்தேகம் வந்த இடத்தில் விசாரித்தீர்களா?’ ஆம். ‘பதிவு செய்தீர்களா?’ ஆம். போன வருடத்து விடைகளை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து டிக் அடித்துவிடுகிற மென்பொருள்கூட உண்டு. அந்த ‘ஆம்’ ஒவ்வொன்றும் உங்கள் பெயரில் பதிவாகும் வாக்குமூலம் என்பது, அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் ஆள் வந்து கோப்பைக் கேட்கிறபோதுதான் உறைக்கும்.

“நம்ம ஆளுங்களுக்கு ஈஐடிசி எங்க வரப்போகுது, ரெண்டு பேரும் ஐடி சம்பளம்” என்று சொல்லி இந்தப் படிவத்தை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். உழைப்பு வருமானக் கிரெடிட்டான ஈஐடிசிக்கு மட்டும் 8867 என்றிருந்த காலம் போய்விட்டது. 2015இல் வந்த சட்டம், 2016 வரியாண்டு முதல் குழந்தை வரிக் கிரெடிட்டையும் கல்லூரிச் செலவுக்கான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டையும் இதில் சேர்த்தது. 2018 வரியாண்டு முதல், துணையின்றிக் குடும்பத்தைத் தாங்குபவருக்கான ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ நிலையும் சேர்ந்துகொண்டது. கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால் குழந்தைக் கிரெடிட் 4,00,000 டாலர் வருமானம் வரை குறையாமல் கிடைக்கிறது. ஆக, எச்-1பி குடும்பம், கிரீன் கார்டு குடும்பம், மோட்டல் வைத்திருப்பவர், மளிகைக் கடையில் வேலை பார்ப்பவர், தஞ்சம் கேட்டு வந்து வேலை அனுமதி பெற்ற ஈழத்துக் குடும்பம் என்று எல்லோர் கோப்பிலும் இது இருக்கிறது. 2025இல் தாக்கல் செய்த ரிட்டர்ன்களுக்கு, கடமை தவறிய ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் 635 டாலர் தண்டம். நான்கும் தவறினால் ஒரே ரிட்டர்னுக்கு 2,540. விலைவாசியோடு ஏறும் தொகை இது. நீங்கள் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்பது நான்கு காரியம்: 8867ஐ நிரப்பி ரிட்டர்னோடு அனுப்புவது, கிரெடிட்டைக் கணக்கிட்ட தாள்களை வைத்திருப்பது, கேட்க வேண்டியதைக் கேட்டு அந்தச் சமயத்திலேயே எழுதி வைப்பது, எல்லாவற்றையும் மூன்று ஆண்டு பாதுகாப்பது. முதலாவதையும் இரண்டாவதையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வதெல்லாம் மூன்றாவதில்தான். உங்களைத் தணிக்கை அதிகாரியாக இருக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை நல்லெண்ணத்தோடு நம்பலாம். ஆனால் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. விதியிலேயே வரும் உதாரணம் இது: 22 வயதுக்காரர் வந்து, தனக்கு 10, 11 வயதில் இரண்டு மகன்கள் என்கிறார். மேற்கொண்டு கேட்டே ஆக வேண்டும். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகள் என்று பதில் வந்தால் சரி. அந்தக் கேள்வியும் பதிலும் கோப்பில் இருக்க வேண்டும்.

உறவுச் சோதனைதான் முதல் வாசல். அங்கே நம் மொழியே நமக்குக் குழி வெட்டுகிறது. “தம்பி பையன் எங்ககூடத்தான் இருக்கான்” என்கிறார் ஒருவர். நீங்கள் பட்டியலில் ‘நெஃப்யூ’ என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்தத் தம்பி கூடப் பிறந்தவரா, சித்தப்பா மகனா? நம் பேச்சில் இரண்டு பேரும் தம்பிதான். வரிச் சட்டத்தில் உடன்பிறந்தவரின் பிள்ளை தகுதியுள்ள குழந்தையாகலாம். சித்தப்பா மகனின் பிள்ளை ஆக முடியாது, ஆண்டு முழுக்க உங்கள் வீட்டிலேயே வளர்ந்தாலும் சரி. பெரியம்மா பெண்ணை ‘அக்கா’ என்று சொல்கிறபோதும் இதே கதைதான். ஆகவே “ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவங்களா?” என்று கேளுங்கள். கூச்சமான கேள்வி, ஆனால் தவிர்க்க முடியாதது. மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரர் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்: அப்பா ஒருவர், அம்மா வேறு என்றாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வளர்ப்புப் பிள்ளை என்றால் நீதிமன்றமோ அங்கீகாரம் பெற்ற அமைப்போ ஒப்படைத்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒப்படைத்தது செல்லாது.

தம்பி பிள்ளைக்கு உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்று ஒன்று போதாது. பிள்ளையுடையது, தம்பியுடையது, வாடிக்கையாளருடையது என மூன்றும் சங்கிலியாகச் சேர வேண்டும். நம் வீடுகளில் அப்பாவின் பெயரே பிள்ளைக்குக் கடைசிப் பெயர், அப்பாவுக்கோ தாத்தாவின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று கடைசிப் பெயர்கள். பரிசோதகருக்கு அது மூன்று அந்நியர்களின் காகிதம்போலத் தெரியும். பெயர் வைக்கும் வழக்கத்தை விளக்கி ஒரு பக்கம் சேர்த்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பெயரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் பெயரைப் பாஸ்போர்ட்டிலிருந்தோ பள்ளி அட்டையிலிருந்தோ எடுக்காதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எடுங்கள். கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை எண்ணோடு ஒப்பிட்டுத்தான் கணினி ரிட்டர்னை ஏற்கிறது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருந்தால் அடுத்த நிமிடமே திரும்பி வரும். அட்டையின் மேல் வரியையும் படியுங்கள். ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதியோடு மட்டும் வேலைக்குச் செல்லுபடியாகும்’ என்றிருந்தால், அந்த அனுமதி நடப்பில் இருக்கும்வரை ஈஐடிசிக்கும் குழந்தைக் கிரெடிட்டுக்கும் தடையில்லை. ‘வேலைக்குச் செல்லுபடியாகாது’ என்றிருந்தால் இரண்டும் கிடையாது. பிறகு குடியுரிமையோ கிரீன் கார்டோ வந்திருந்தால் மட்டும் கதை வேறு, அவர்கள் புது அட்டை வாங்கிக்கொள்ளட்டும். இந்தியாவில் பிறந்து, எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது, அதற்குப் பதில் ஐஆர்எஸ் தரும் ஐடின் எண்தான் இருக்கும். அதற்கு 2025 வரியாண்டின் 2,200 டாலர் குழந்தைக் கிரெடிட் வராது. மற்றச் சார்ந்தோருக்கான 500 டாலர் வரலாம். தம்பதி சேர்ந்து ஃபைல் செய்தால் இருவரில் ஒருவருக்காவது வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும் என்பதும் 2025 முதல் சேர்ந்த நிபந்தனை. 17 வயதாகிவிட்ட பிள்ளையைப் போன வருடத் தகவலோடு அப்படியே இழுத்து வந்து 2,200 போடுவது இன்னும் நடக்கிறது. டிசம்பர் 31 அன்று 17 முடிந்திருந்தால் 500தான்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். மாதாமாதம் பணம் அனுப்புவது உண்மைதான், ஆனாலும் அமெரிக்கக் குடிமக்களாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றில் ஒன்றில் வசிப்பவர்களாகவோ இல்லாதவரைச் சார்ந்தவராகக் காட்ட வழியில்லை. இங்கே வந்து தங்கி வரிக் கணக்கில் வசிப்பவராகிவிட்ட பெற்றோரென்றால், 2025க்கு அவர்களுடைய வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். ஊர் வீட்டு வாடகையையும் பென்ஷனையும் கேட்க மறந்துவிடாதீர்கள்.

இனி, அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம்: வசிப்பு. “பையன் உங்களோடதான் இருக்கானா?” என்று கேட்டால் “வேற எங்க இருப்பான்?” என்றுதான் பதில் வரும். அது பாசத்தின் பதில், கணக்கின் பதில் இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் ஒரே வீட்டில் சேர்ந்து வசித்தார்களா என்பதே சோதனை. 365 நாள் ஆண்டில் குறைந்தது 183. ஈஐடிசிக்கு அந்த வீடு 50 மாநிலங்களுக்கோ வாஷிங்டன் டிசிக்கோ உள்ளே இருக்க வேண்டும். எனவே ராத்திரியை எண்ணிக் கேளுங்கள்: “போன ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் பிள்ளை எந்தெந்த வீட்டில் தூங்கினான், எந்த மாசம் மாறினான்?”

நம்மவர்களிடையே அடிக்கடி வரும் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழந்தை 2025 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் பிறக்கிறது. பிரசவம் பார்க்க வந்த பாட்டி ஜூன் 1 அன்று குழந்தையைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். டே கேர் கட்டணம் கட்டுப்படி ஆகவில்லை. குழந்தை திரும்பி வருவது அடுத்த பிப்ரவரியில். மென்பொருள் ‘12 மாதம்’ என்று எழுதிவிடும், பிறந்த ஆண்டுக்கு அதுதான் அதன் வழக்கம். விதி சொல்வது வேறு: பிறந்த ஆண்டில், குழந்தை உயிரோடிருந்த நாட்களில் பாதிக்கு மேல் உங்கள் வீடே அதன் வீடாக இருந்தால்தான் முழு ஆண்டாகக் கணக்கு. மார்ச் 10 முதல் டிசம்பர் 31 வரை 297 நாள். இங்கே இருந்தது 83. தற்காலிகமாகப் பிரிந்திருப்பதற்குச் சலுகை உண்டே என்பார்கள். உடல்நலக் குறைவு, படிப்பு, தொழில், விடுமுறை, ராணுவப் பணி, தடுப்புக் காவல் என்று போகும் அந்த வரிசையில் ‘பாட்டி வளர்க்கிறார்’ என்பது இல்லை. சூழ்நிலையைக் காட்டி வாதாடலாம், ஆனால் அதை நம்பி 2,200 டாலரைப் போட நாங்கள் சொல்ல மாட்டோம். குழந்தை குடிமகன், செலவு பெற்றோருடையது என்பதால், தகுதியுள்ள குழந்தை என்ற வாசல் மூடினாலும் ‘தகுதியுள்ள உறவினர்’ என்ற வாசல் வழியே 500 டாலருக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். நாட்களை எண்ணக் குழந்தையின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் உள்ள இந்தியக் குடியேற்ற முத்திரைகளே போதும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கல்லூரி விடுதியில் தங்கும் பிள்ளை வீட்டில் இருப்பதாகவே கணக்கு. அதில் குழப்பம் வேண்டாம்.

ஆடிட் வந்தால் வசிப்பை எதைக் காட்டி நிரூபிப்பது? 886-எச்-ஈஐசி என்ற தாளில் ஐஆர்எஸ் தானே பட்டியல் கொடுத்திருக்கிறது: பள்ளி, மருத்துவமனை, டே கேர், வீட்டு உரிமையாளர், வழிபாட்டிடம் ஆகியவற்றின் பதிவுகள் அல்லது லெட்டர்ஹெட்டில் கடிதம். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர், வாடிக்கையாளரின் பெயர், தெரு முகவரி, தேதிகள் வேண்டும். எங்கே சொதப்புகிறார்கள் என்றால், பள்ளிக் கடிதத்தில். ‘2025-26 கல்வியாண்டில் படிக்கிறார்’ என்ற கடிதம் ஆகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ பிறகுள்ள நான்கைந்து மாதத்தைத்தான் மூடுகிறது. 2025 வரியாண்டில் பாதியைத் தாண்ட 2024-25 கல்வியாண்டின் கடிதமும் வேண்டும். பள்ளி பழைய முகவரியை வைத்திருந்தால் அந்தக் கடிதம் எதிர்க்கட்சிச் சாட்சி. டே கேர் நடத்துவது அத்தையே என்றால், அத்தை கடிதம் தனியாகச் செல்லாது. கூடவே இன்னொரு சான்று சேர வேண்டும். இவற்றையெல்லாம் இப்போதே வாங்கி வைப்பது கட்டாயமில்லை. “ஆடிட் வந்தால் இதைக் காட்ட முடியுமா?” என்று கேட்பது கட்டாயம், 8867இல் அதற்கென்று தனிக் கேள்வியே இருக்கிறது. முழிக்கிறார் என்றால் அங்கேயே நிறுத்தி மேலே கேளுங்கள்.

ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, சித்தப்பா என்று மூன்று சம்பளக்காரர்கள் இருந்தால் வரும் முதல் கேள்வி, “யார் பேர்ல போட்டா ஜாஸ்தி வரும்?” பிள்ளை மூன்று பேருக்குமே தகுதியுள்ள குழந்தையாக இருக்கலாம். மூவருமே கோரினால் பெற்றோருக்கு முன்னுரிமை. பெற்றோர் விட்டுக்கொடுத்துத் தாத்தா கோரலாம். ஆனால் தாத்தாவின் சரிகட்டிய மொத்த வருமானம் பெற்றோர் இருவரில் எவருடையதையும்விட அதிகமாக இருக்க வேண்டும். தாத்தா கோப்பைத் திறக்கும்போது அப்பாவின் வருமானத்தையும் கேட்டு எழுதுவது அதனால்தான்.

பிரிந்து வாழும் பெற்றோர் விஷயத்தில் கோர்ட் உத்தரவை நீட்டுவார்கள்: ஒற்றைப்படை வருடம் அம்மாவுக்கு, இரட்டைப்படை அப்பாவுக்கு என்று. 2008க்குப் பின் வந்த தீர்ப்பென்றால் அந்தப் பக்கங்கள் போதாது. பிள்ளை அதிக இரவுகள் தங்கும் பெற்றோர், தன் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் 8332 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். போட்டுக் கொடுத்தாலும் மற்றவருக்குப் போவது பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் உரிமையும், அதையொட்டி வரும் குழந்தைக் கிரெடிட், 500 டாலர் கிரெடிட் போன்றவையும்தான். ஈஐடிசியும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் காகிதத்தில் கைமாறாது, பிள்ளை தூங்கும் வீட்டோடுதான் போகும். 8332 வந்ததும் எல்லாவற்றையும் அப்பா பக்கம் தள்ளிவிடுவது நாம் அடிக்கடி பார்க்கும் பிழை.

சுயதொழில் வருமானத்திலும் கவனம் வேண்டும். வீட்டிலிருந்து டிபன், இட்லி மாவு, பிள்ளை பார்த்துக்கொள்வது, வண்டி ஓட்டுவது எல்லாம் சுயதொழில் வரவு செலவுக்கான ஷெட்யூல் சி தாளில் வரும். 2025க்கு இரண்டு குழந்தைகள் இருந்தால் 17,880 டாலர் உழைப்பு வருமானத்தில் ஈஐடிசி உச்சமான 7,152 டாலரைத் தொடுகிறது. டிபன் வருமானம் ‘சரியாக 18,000, செலவு ஒன்றுமில்லை’ என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அரிசி, கேஸ், டப்பா, பெட்ரோல் செலவு இல்லாமல் டிபன் போட முடியுமா? எத்தனை வீட்டுக்கு, வாரம் எத்தனை நாள், ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு, பணம் கையிலா வங்கியிலா என்று நான்கு கேள்வி கேட்டால் உண்மையான எண் தானாக வெளியே வரும். அதிகக் கிரெடிட்டுக்காகச் செலவை மறைப்பதும் பிழையே. உள்ள செலவைக் கழித்தே ஆக வேண்டும்.

முன்பு எப்போதாவது கிரெடிட் மறுக்கப்பட்டதா என்று கேட்காமல் விடாதீர்கள். மறுக்கப்பட்டிருந்தால், கணக்குப் பிழை போன்ற சிறு காரணங்கள் நீங்கலாக, கிரெடிட்டை மறுபடி கோருவதற்கான 8862 படிவம் இல்லாமல் ரிட்டர்ன் நகராது. அலட்சியத்தால் விதியை மீறியதாக முடிவாகியிருந்தால் இரண்டு ஆண்டுத் தடை, மோசடி என்றால் பத்து. “ஏதோ லெட்டர் வந்துச்சு, எங்க வெச்சேன்னு தெரியல” என்பவரிடம் ஆன்லைன் கணக்கைத் திறந்து நோட்டீஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிபி79ஏ என்ற எண் தென்பட்டால் அது இரண்டாண்டுத் தடைக் கடிதம்.

சென்னை, கோவைத் தோழர்களுக்கு இரண்டு வார்த்தை. கேள்வி கேட்டவர் நீங்கள், கையெழுத்திடுபவர் நியூ ஜெர்சியில். அப்படியானால் யார், எப்போது, யாரிடம், எந்த வழியாகக் கேட்டார் என்பது கோப்பில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் அதைப் படித்திருக்க வேண்டும். தகுதியை முடிவு செய்ததே நீங்கள் என்றால் 8867ஐ நிரப்பி அவரிடம் கொடுக்கும் கடமையும் உங்களுடையது. வாடிக்கையாளர் விவரம் அமெரிக்காவுக்கு வெளியே போவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். போதுமான தரவுப் பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைக்காமல் அனுப்பவே கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகளின் அட்டைகள் மிதப்பதை இந்த சீசனோடு நிறுத்திவிடலாம்.

குறிப்பு எழுதுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேட்பது தமிழில் இருக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் இருந்தால் பரிசோதகருக்கு வசதி. இப்படி ஐந்து வரி போதும்:

‘பிப்ரவரி 10, 2026, மாலை 4.20, தொலைபேசி, வாடிக்கையாளரான தாயிடம். மகன் வயது 8. எந்த வீட்டில் எத்தனை இரவு என்று கேட்டேன். ஜனவரி முதல் மே 31 வரை தன் வீட்டில், ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 10 வரை மதுரையில் தாத்தா வீட்டில் கோடை விடுமுறை, பிறகு தன் வீட்டில். டிக்கெட் பார்த்தேன். தந்தை எங்கே என்று கேட்டேன்: 2024 முதல் வேறு மாநிலத்தில், பிள்ளை அங்கே தங்கியதில்லை. பள்ளிக் கடிதம் இரண்டு கல்வியாண்டுக்கும் கிடைக்கும் என்றார்.’

ஏப்ரல் மாதம் உட்கார்ந்து பிப்ரவரிக் குறிப்பை எழுதாதீர்கள். கோப்பு உருவான தேதியைக் கணினி சொல்லிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ‘இந்தப் பிள்ளையை ஏற்கெனவே வேறொருவர் கோரிவிட்டார்’ என்று ரிட்டர்ன் திரும்பி வரலாம். முன்பெல்லாம் காகிதத்தில் அனுப்புவதுதான் வழி. 2025 சீசனிலிருந்து, முதன்மை வரிதாரர் தன்னுடைய ஐபி பின்னை (அடையாளத் திருட்டைத் தடுக்க ஐஆர்எஸ் தரும் ரகசிய எண்) சேர்த்தால் மின்வழியிலேயே ஏற்கிறார்கள். பிரிந்து வாழும் பெற்றோர், கூட்டுக் குடும்பம் என்று சிக்கல் வரக்கூடிய வாடிக்கையாளர்களை ஜனவரியிலேயே ஐபி பின் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கும் சிபி87ஏ நோட்டீஸ் வரும்: கோரியது தவறென்றால் திருத்திக்கொள்ளுங்கள் என்று. உங்கள் வாடிக்கையாளர் அந்தக் கடிதத்தோடு பதறிக்கொண்டு போன் செய்யும்போது, மேலே உள்ள ஐந்து வரிக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தக் கோப்பை, கெடு தேதி, நீங்கள் அனுப்பிய தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று ஆண்டுக்கு அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
இதே தொழிலில் இருக்கும் சக தயாரிப்பாளர்கள்